மேல்மாடியைக் குருத்வாராவுக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள்: என்னென்ன பார்க்க வேண்டும்?

கும்மோணத்தான்:

வணக்கம். கும்பகோணத்தில் 2009-இல் கட்டிய கான்கிரீட் கட்டிடம். கீழே மளிகைக் கிடங்கு. முதல் மாடி 1,100 சதுர அடி காலியாகக் கிடக்கிறது, அதற்கு மேல் மொட்டை மாடி. பின்பக்கம் 300 சதுர அடிக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று சிதறியிருக்கும் பதினோரு சீக்கியக் குடும்பங்கள் சேர்ந்து முதல் மாடியைக் குருத்வாராவாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். நல்ல மனிதர்கள், வாடகையிலும் பேரம் இல்லை. எனக்குத்தான் விவரம் போதவில்லை.

உள்ளே என்ன வைப்பார்கள், எவ்வளவு கூட்டம் வரும், மாடி தாங்குமா? எங்கே அனுமதி வாங்க வேண்டும்? ஒப்பந்தத்தை யார் பெயரில் போடுவது? எங்கள் மாமா வேறு, "சாமியைக் கொண்டுவந்து பிரதிஷ்டை பண்ணிட்டா அப்புறம் கிளப்பவே முடியாதுடா" என்று பயமுறுத்துகிறார். கனடா, இங்கிலாந்து என்று போன ஊரிலெல்லாம் இவர்கள் குருத்வாரா வைத்திருக்கிறார்களே, அங்கெல்லாம் முதலில் எப்படித் தொடங்கினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டாறு:

மாமாவின் பயத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். குருத்வாராவில் பிரதிஷ்டை கிடையாது. சிலை இல்லை, மூலஸ்தானம் இல்லை, கும்பாபிஷேகம் இல்லை. சீக்கியர்களின் வேதநூலான குரு கிரந்த சாகிப் எங்கே விரித்து வைக்கப்படுகிறதோ அதுதான் குருத்வாரா. அதை எடுத்துச் சென்றுவிட்டால் அந்த அறை மறுபடி வெறும் அறைதான். இன்னும் சொன்னால், அந்தக் கிரந்தம் ஒரே இடத்தில் இருப்பதே இல்லை. விடியற்காலையில் தலைமேல் தாங்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து விரிப்பார்கள், அதற்குப் பிரகாஷ் என்று பெயர். இரவில் மூடி, துணி சுற்றி, தனி அறையில் கட்டிலில் படுக்க வைப்பார்கள், அது சுக்காசன். நம்மூர்ப் பள்ளியறை பூஜை நினைவுக்கு வரும். ஆனால் இங்கே மூலவரே பள்ளியறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் உங்கள் 1,100 சதுர அடியில் சுக்காசனுக்கு ஓர் அறை தனியாக வேண்டும். எட்டுக்குப் பத்து போதும். அந்த அறைக்கும் கூடத்துக்கும் கழிப்பறைச் சுவர் பொதுவாக இருக்கக் கூடாது.

கூடத்தில் வருபவை: மஞ்சி என்கிற குட்டைக் கட்டில், அதன்மேல் மெத்தையும் திண்டுகளும், சுற்றி நான்கு கால்களோடு பால்கி என்கிற மண்டபம், மேலே சந்தோவா என்கிற விதானத் துணி. கிரந்தத்தைப் போர்த்த ருமாலாக்கள், வீச ஒரு சாமரம், எதிரே கோலக் என்கிற உண்டியல். ஒரு பக்கம் பாடுபவர்களுக்கு அரையடி உயர மேடை, ஆர்மோனியம், தபலா. மற்றதெல்லாம் ஜமக்காளம். நாற்காலி போட மாட்டார்கள், கிரந்தத்தை விட உயரமாக யாரும் உட்காரக் கூடாது என்பதால். மரப் பால்கியாகவே கேளுங்கள். பளிங்கில் செய்தால் எடை எங்கேயோ போய்விடும்.

பல பேர் கவனிக்காத விஷயம் ஒன்று. கிரந்தம் ஒரு தடவை வந்துவிட்டால் தினமும் பிரகாஷும் சுக்காசனும் நடந்தாக வேண்டும். ஞாயிறு மட்டும் திறந்து ஆறு நாள் பூட்டி வைக்கிற சங்கதி நடக்காது. பதினோரு குடும்பமும் மூன்று ஊரில் என்கிறீர்கள். தினமும் விடியற்காலையில் வந்து யார் திறப்பார்? கிரந்தத்தை ஓதிப் பார்த்துக்கொள்கிற ஒரு கிரந்தி அங்கேயே தங்க வேண்டும், அவருக்கு ஓர் அறை வேண்டும். இது முடிவாகாமல் கிரந்தத்தைக் கொண்டுவருவது அவசரம். அதுவரை ஞாயிறுதோறும் சிறிய பிரார்த்தனை நூலை வைத்து ஓதி, கீர்த்தனை பாடி, சேர்ந்து சாப்பிட்டுப் போகலாம். கிரந்தி என்பவர் குருக்கள் மாதிரி பரம்பரை ஆள் இல்லை. குர்முகி எழுத்துப் படிக்கத் தெரிந்த ஆணோ பெண்ணோ யாரும் ஓதலாம்.

மணி கிடையாது, தீப ஆராதனை கிடையாது. சத்தத்துக்குப் பயப்படுகிற அண்டை வீட்டாரிடம் இதைச் சொல்லி வையுங்கள். கீர்த்தனைக்கு ஒலிபெருக்கி வைத்தால் அதன் வாய் வெளியே திரும்பியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விடியற்காலை நான்கு ஐந்து மணி ஓதலுக்கு ஒலிபெருக்கி கூடவே கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை சட்டப்படியே தடைதான்.

அரிசிக்கடை_மணி:

இவ்வளவு எதற்கு? கீழ்த்தளக் கிடங்கை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மளிகையை மேலே ஏற்றுங்கள். வயதானவர்களுக்குப் படி ஏறுகிற தொல்லையும் இல்லை.

வெட்டாறு:

மணி சார், அது இரண்டு வகையில் தப்பு. மளிகை மூட்டைகளை முதல் மாடியில் அடுக்கினால் என்ன ஆகும் என்று பொறியாளர் யாராவது வந்து சொல்லட்டும். மற்றது, கிரந்தம் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விடாமல் பார்க்கிற மரியாதை. அதனால்தான் எங்கு போனாலும் மேல் தளத்தையே கேட்கிறார்கள்.

கும்மோணத்தாருக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் மொட்டை மாடிக்கு யார் போகிறார்கள்? துணி காயப்போட, வடகம் பிழிய, தொட்டி கழுவ என்று போனால் பால்கிக்கு நேர் மேலே கால் படும். பால்கி எங்கே வரும் என்பதை முதலிலேயே குறித்துக்கொண்டு, அதற்கு மேலே மொட்டை மாடியில் எட்டடிக்கு எட்டடி தடுப்புச் சுவரோ கம்பி வேலியோ போட்டுவிட்டால் போதும். தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம் இருந்தால் மாற்றிவிடுங்கள். மரியாதை ஒரு பக்கம், கசிவு இன்னொரு பக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒழுகி அந்த ஏட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் பெரிய மனக்கஷ்டமாகிவிடும்.

உத்திரம்:

கட்டிடத்தைப் பற்றி. வீட்டு மாடியைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ நடமாடும் பாரத்துக்குக் கணக்கிடுவார்கள். நிலையான இருக்கை இல்லாமல் கூட்டம் கூடும் கூடத்துக்கு இந்தியத் தர விதி 500 கிலோ கேட்கிறது. உங்கள் கட்டிடத்தை எந்தக் கணக்கில் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. வரைபடம் இருந்தால் கம்பிக் கட்டு விவரத்தோடு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டி, எழுத்தில் சான்று வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

தரையில் உட்காருவதால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒருவருக்கு ஆறரை சதுர அடி பிடிக்கும், 65 கிலோ ஆள் என்றால் சதுர அடிக்குப் பத்துக் கிலோதான் ஆகிறது. வீட்டுக் கணக்கிலேயே சதுர அடிக்குப் பதினெட்டரைக் கிலோ தாங்கும். வில்லங்கம் விசேஷ நாளில். சதுர மீட்டருக்கு நான்கு பேர் நெருக்கியடித்து நின்றால் 260 கிலோ. அர்தாஸ் என்கிற கூட்டுப் பிரார்த்தனைச் சமயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஆள் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. 500 சதுர அடிக் கூடத்தில் பால்கி, மேடை, நடுவில் நடைபாதை எல்லாம் போக 380 சதுர அடி மிஞ்சும். அதில் 55 முதல் 60 பேர். அதற்கு மேல் வருகிற நாளுக்குக் கல்யாண மண்டபம் பிடிக்கட்டும்.

மளிகையை மேலே ஏற்றுகிற யோசனை: 50 கிலோ சர்க்கரை மூட்டையை ஆறு வரிசை அடுக்கினால் ஒரு மூட்டை பிடிக்கிற இடத்தில் 300 கிலோ உட்காரும். பேசவே வேண்டாம்.

இந்தப் பதிலைப் படிக்கிற வேறு யாராவது பழைய வீட்டை இதற்குக் கொடுப்பதாக இருந்தால்: தேக்குக் கட்டை போட்டு, செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் தளம் கும்பகோணத்திலும் தஞ்சாவூர் நான்கு வீதிகளிலும் நிறைய உண்டு. அந்த மாடி இதற்கு ஆகாது. கட்டையின் நுனி சுவருக்குள் உளுத்திருப்பது வெளியே தெரியாது.

படிக்கட்டு: வீட்டுப் படி மூன்றடி இருக்கும். கூட்டம் இறங்க ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி வேண்டும். இரண்டாவது வழியும் வேண்டும். பின்பக்கம் இரும்புப் படி ஒன்று வையுங்கள், தரையிலிருந்து நேராக மொட்டை மாடி வரை, முதல் மாடியில் ஒரு கதவு. படிக்கட்டில் செருப்பு அடுக்கவே கூடாது. செருப்பு அலமாரியும் கால் கழுவும் குழாயும் படிக்குக் கீழே தரையில் இருக்கட்டும்.

சமையல் மேலே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று நம்மூர்ப் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் போனார்கள். சமையற்கூடம், கீற்றுக் கூரை, குறுகலான ஒரே படி, மேலே கூட்டம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதை இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கத் தகரக் கொட்டகைதான் லங்கருக்கு, அதாவது எல்லாருக்கும் சமைத்துப் போடுகிற பொதுப் பந்திக்கு, சரியான இடம். கீற்று, தார்ப்பாய் எதையும் அதில் சேர்க்க விடாதீர்கள். சிலிண்டரைச் சுவருக்கு வெளியே கம்பிக் கூண்டில் வைத்துக் குழாய் இழுக்கச் சொல்லுங்கள். வணிகச் சிலிண்டர் 19 கிலோ. ஐந்துக்கு மேல் சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டும், உரிமம் கேட்பார்கள்.

கொடிமரத்தைக் கடைசிக்கு வைத்தேன். நிஷான் சாகிப் வைக்காமல் விட மாட்டார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்துவது வேண்டவே வேண்டாம். நாலரை அங்குலச் சுவர் காற்றில் கொடிமரத்தோடு சேர்ந்து சாயும். தரையில் தனி அஸ்திவாரம் போடுங்கள். நம் களிமண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும், அதனால் மேலாகக் குழி தோண்டினால் இரண்டே பருவத்தில் மரம் சாய்ந்துவிடும். அடியில் கீல் வைத்து, படுக்க வைக்கிற மாதிரி கம்பம் செய்யச் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு முறை துணி மாற்றவும் வசதி, கஜா மாதிரி ஒன்று வருகிறது என்று எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே இறக்கி வைக்கவும் வசதி. உச்சியில் கண்டா என்கிற சீக்கியச் சின்னம் இரும்பில் இருக்கும், இடிதாங்கியும் சேர்த்துப் போடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

வெளிநாட்டுக் கதையைக் கேட்டிருந்தீர்கள். வெட்டாறு சொன்ன அந்த ஒரு சங்கதிதான், கிரந்தம் வந்தால் குருத்வாரா என்பது, நூறு வருடத்துக் கதைக்கும் திறவுகோல். ஆகமப்படி கட்டிய கோயில் வேண்டும் என்றால் கல்தச்சரும் காசும் வரக் காத்திருக்க வேண்டும். இவர்களுக்குப் படுக்க இடம் கிடைத்த கொட்டகையே போதுமாயிருந்தது.

ஹாங்காங்கில் ஆரம்பித்தவர்கள் பிரிட்டிஷ் படையில் இருந்த சீக்கியச் சிப்பாய்கள், 1901-இல். சிங்கப்பூரில் காவல்துறைக்கு வந்தவர்கள் முதலில் தங்கள் குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே ஓதி வந்தார்கள். 1912-இல் ஒரு சிந்தி வணிகர் உதவியோடு குவீன் தெருவில் பங்களா வாங்கிய பிறகுதான் பொது இடம் கிடைத்தது. இதைக் கவனியுங்கள்: அரசாங்க இடத்தில் இருக்கிற வரை வெளியாள் உள்ளே வர முடியாது. யாரும் வரலாம் என்பதுதான் குருத்வாராவுக்கு அடிப்படை, அதனால் சொந்த இடம் தேட வேண்டியிருந்தது.

கனடாவில் மர அறுவை ஆலைக் கூலிகள். வான்கூவரில் 1906-இல் கால்சா திவான் சங்கம், 1908 ஜனவரியில் கட்டிடம். சங்கம் முதலில், கட்டிடம் அப்புறம். இந்த வரிசையை மறக்காதீர்கள், பத்திரம் தெரிந்தவர்கள் பின்னால் வந்து இதையே சொல்வார்கள். அடுத்து அபாட்ஸ்ஃபோர்டு. அங்கே மில் ஏரிக்கரை ஆலையிலிருந்து பலகைகளை முதுகில் சுமந்து குன்றேற்றிக் கட்டினார்கள், 1912 பிப்ரவரியில் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து மேற்கத்திய ஊர்க் கடைகளைப் போலவே முன்னால் உயரமான பலகை முகப்பு, குவிமாடமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஊர்த் தச்சு வேலை அவ்வளவுதான். உள்ளே மட்டும் கணக்குத் தவறவில்லை: மேலே வழிபாட்டுக் கூடம், கீழே சமையலும் பந்தியும். உத்திரம் உங்களுக்குப் போட்டுக் கொடுத்த திட்டமும் அதுதான், அவருக்குத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ. வட அமெரிக்காவில் இன்றும் நிற்கிற குருத்வாராக்களில் மிகப் பழையது அது. 2002-இல் கனடா அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன், 1912. ஜுவாலா சிங், வசாகா சிங் என்ற குத்தகை விவசாயிகள் முன்னின்றார்கள். உருளைக்கிழங்கு விவசாயம். அங்கேயும் ஆற்று முகத்துவார டெல்டா நிலம்தான், நமக்குப் பழகிய பூமி. அந்த மே மாதமே சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே, 1913-இல், குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டார் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. தனி மனிதர் கையில் எதுவும் நிலைக்காத காலத்தில் சங்கம் நிலைத்தது. முதலில் ஒரு சாதாரண மர வீடு, 1915-இல் அதற்கென்று கட்டிய கட்டிடம், 1929-இல் செங்கல் கட்டிடம். ஒரே இடத்தில் பதினேழு வருடத்தில் மூன்று படி.

இந்த இடங்களெல்லாம் வெறும் பிரார்த்தனைக் கூடங்களாகவும் இருக்கவில்லை. கப்பல் இறங்கியவனுக்கு அன்று இரவு படுக்கை, மறுநாள் எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல், ஊருக்குக் கடிதம் எழுதித் தர ஆள். 1914-இல் கோமகாட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்தில் இறங்க விடாமல் நிறுத்தப்பட்டபோது கரையிலிருந்து பணம் திரட்டியதும் வழக்கு நடத்தியதும் குருத்வாராவைச் சுற்றியிருந்த மக்கள்தான்.

பிற்காலத்தில் கிடைத்ததையெல்லாம் மாற்றிக்கொண்டார்கள். லண்டன் சவுத்தாலில் பழைய பால் பண்ணை இருந்த மனை. இப்போது அங்கே நிற்பது 2003-இல் திறந்த, 1.75 கோடி பவுண்டு செலவான பளிங்குக் கட்டிடம். இத்தாலியில் பாலாடைக்கட்டிக்காகப் பசு வளர்க்கும் பண்ணைகளில் வேலைக்குப் போனவர்கள் நோவெல்லாராவில் 2000-இல் திறந்தார்கள். ஆஸ்திரேலியாவில் வுல்கூல்கா என்ற சிற்றூரில் வாழை போட்டவர்கள் 1968-இல் ஒன்று கட்டினார்கள், 1970-இல் இரண்டாவது. நம் திருவையாற்று வாழைக்காரர்கள் பார்க்க வேண்டிய ஊர். அவ்வளவு சின்ன ஊரில் இரண்டே வருடத்தில் இன்னொன்று ஏன் என்று கேட்டால் சீக்கியர்களே சிரிப்பார்கள். கமிட்டி என்று ஒன்று இருந்தால் எதிர்க் கமிட்டி என்று ஒன்று இருக்கும். நம் கோயில் திருவிழாக் கமிட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: வாடகை இடத்தில் தொடங்கியவர்கள் சொந்த இடத்துக்குப் போகத்தான் பார்த்திருக்கிறார்கள். வாரம் ஞாயிற்றுக்கிழமை கூடுவதுகூட அங்கே பழகியதுதான், மதத்தில் அப்படி ஒரு கிழமை கிடையாது. ஆலை விடுமுறை அன்று, அவ்வளவே.

பத்திர_எழுத்து:

சுருக்கமாக. தனியாள் பெயரில் ஒப்பந்தம் போடாதீர்கள். அவர் ஊர் மாறினாலோ கமிட்டியோடு சண்டை போட்டாலோ சாவி யாரிடம் என்பதில் நீங்கள் மாட்டுவீர்கள். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம். மாவட்டப் பதிவாளரிடம் துணைவிதிகளோடு கொடுக்க வேண்டும். அல்லது பொது அறக்கட்டளைப் பத்திரம். சங்கமே மேல், தேர்தல் நடத்த வழி இருக்கும். சீக்கியர்களுக்கே இதில் பழைய காயம் உண்டு: குருத்வாராக்கள் மகந்துகள் என்கிற பரம்பரை நிர்வாகிகள் கையில் சொந்தச் சொத்து மாதிரி இருந்ததை எதிர்த்துத்தான் 1920-களில் போராட்டம் நடந்தது, 1921-இல் நன்கானாவில் உயிர்கள் போயின, 1925-இல் குருத்வாராச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. பஞ்சாப் குருத்வாராக்களை நிர்வகிக்கிற அமிர்தசரஸ் சிரோமணி கமிட்டி இங்கே நிர்வாகம் செய்யாது. நம் அறநிலையத்துறைக்கும் இதில் வேலை இல்லை. ஆக உள்ளூர்ச் சங்கம் ஒழுங்காக இல்லாவிட்டால் கேட்பதற்கு மேலே யாரும் இல்லை.

சங்கம் பதிந்ததும் பலர் தூங்கிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் பதிவாளருக்குப் போக வேண்டும். விட்டால் அபராதம், பதிவே போகலாம். ஒப்பந்தத்தில் "ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்த நகலைக் கொடுக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

அனுமதி: பொதுமக்கள் வந்துபோகும் வழிபாட்டிடத்துக்குக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். குடும்பத்தார் வீட்டுக்குள் ஓதுவது வேறு, பலகை மாட்டிக் கொடிமரம் நடுவது வேறு. வருவாய்த்துறையும் காவல்துறையும் அக்கம்பக்கம் விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள். எதிர்ப்பு இல்லை என்று சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி இணைத்தால் கோப்பு நகரும். மாநகராட்சியில் பயன்பாட்டு மாற்றத்துக்கும் விண்ணப்பம் தனியாக. இரண்டும் கைக்கு வரும் முன் பால்கி, பலகை என்று செலவு செய்ய விடாதீர்கள்.

வாடகை: 2017 வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு. ஓராண்டுக்கு மேல் என்றால் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும். மூன்று வருடம் போடுவது இரு தரப்புக்கும் நல்லது. வழிபாட்டிடம் என்பதால் சொத்துவரி விலக்கு வரும் என்று கனவு காண வேண்டாம், நீங்கள் வாடகை வாங்குகிறீர்கள். மின்சாரத்துக்குப் பொது வழிபாட்டிடக் கட்டணப் பிரிவு உண்டு, அதற்குத் தனி மீட்டர் வையுங்கள்.

பணம்: கனடாவிலிருந்து மாமன், மச்சான் அனுப்புகிறார் என்பார்கள். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்துச் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் ஆகும். அதற்கு மத்திய உள்துறை அமைச்சகப் பதிவு வேண்டும், அதைக் கேட்கச் சங்கத்துக்கு மூன்று வருட வயதும் அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். இல்லையானால் அந்தந்தத் தொகைக்கு முன் அனுமதி. தெரியாமல் சங்கக் கணக்கில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது.

கும்மோணத்தான்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கிரந்தத்தை எங்கிருந்து, எப்படிக் கொண்டுவருவார்கள்? கொட்டகையில் லங்கர் என்றால் எவ்வளவு சமைப்பார்கள், ஊர்க்காரர்கள் போய்ச் சாப்பிடலாமா?

வெட்டாறு:

அமிர்தசரஸ் சிரோமணி கமிட்டி அச்சிட்டுத் தருகிறது. 1,430 பக்கம், எந்த அச்சிலும் அதே பக்க எண்தான். கூரியரில் அனுப்புகிற பொருள் இல்லை அது. இடம் தகுதியானதா என்று விசாரித்து, ஐந்து பேர் போய், தலைமேல் தாங்கி, சுத்தமான வண்டியில் கொண்டுவருவார்கள். அந்த ஐந்து பேரின் பயணச் செலவைத் தொடக்கச் செலவில் எழுத மறந்துவிடுகிறார்கள்.

தொடக்க நாளில் அகண்ட பாட் வைப்பார்கள், 48 மணி நேரம் நிறுத்தாமல் ஓதுவது. மணிக்குச் சுமார் முப்பது பக்கம். ஒருவர் இரண்டு மணி நேரம் என்றால் 24 முறை. ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு நான்கு முறை வரும், இரவிலும். ஆறு பேர் குர்முகி சரளமாகப் படிப்பவர்கள் இல்லாவிட்டால் நடுவில் குரல் போய்விடும். அதற்குப் பதில் சகஜ பாட் என்று நாள் கணக்கில் மெதுவாக ஓதி முடிக்கலாம், அது ஒன்றும் குறைவில்லை. அந்த 48 மணி நேரமும் மின்சாரம் வேண்டும், இன்வெர்ட்டர் வைக்கச் சொல்லுங்கள்.

கொடித் துணியின் நிறம் பற்றியும் யாராவது கேட்பார்கள்: வசந்தி மஞ்சள் அல்லது கருநீலச் சாம்பல். அடர் காவி வேண்டாம் என்று 2024-இல் அமிர்தசரஸ் கமிட்டியே சுற்றறிக்கை விட்டது. பழைய ருமாலா சேர்ந்துபோனால் துவைத்து மடித்து வைப்பார்கள். பழுதான கிரந்தத்தை நாம் ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விடுகிற மாதிரி விட மாட்டார்கள், பஞ்சாபில் கோயிந்த்வாலுக்கு அனுப்பி அங்கே எரியூட்டுவார்கள்.

பந்தி_விசாரிப்பு:

லங்கருக்கு யாரும் போகலாம். தலையை மூட ஒரு துணி, செருப்பைக் கழற்ற வேண்டும், புகையிலை பாக்கெட் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. வெற்றிலைப் பெட்டியோடு போகிற நம்மூர்ப் பெரியவர்களிடம் இதைத் தனியாகச் சொல்லி விடுங்கள். எல்லாரும் தரையில் ஒரே வரிசை, பெரிய மனிதருக்குத் தனிப் பந்தி கிடையாது. சைவம் மட்டும். என்ன சமைக்க வேண்டும் என்று விதி கிடையாது, சாம்பார் சாதமும் லங்கர்தான்.

60 பேருக்கு: ரொட்டி ஆளுக்கு மூன்று, கிலோ மாவுக்கு 25 ரொட்டி, ஆக ஏழு கிலோ கோதுமை மாவு. பருப்பு காய்ந்த எடையில் இரண்டேமுக்கால் கிலோ. அரிசி மூன்றரைக் கிலோ. கறுப்பு உளுந்து முழுசாகப் போட்டு வேக வைப்பார்கள், நம் பக்கத்தில் நெல் தரிசில் விளைகிற ஆடுதுறை 3 உளுந்தே போதும். எட்டு மணி நேரம் ஊறணும், ஊறாமல் ஏற்றினால் கேஸ் போய்க்கொண்டே இருக்கும், உளுந்து நெற்று மாதிரியே கிடக்கும். மாவை இரண்டு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், கார்த்திகை ஈரத்தில் வண்டு விழும். ரொட்டியைச் சுட்டதும் துணி விரித்த டப்பாவில் போட்டு மூடணும், தகரக் கொட்டகைக் காற்றில் பத்து நிமிஷத்தில் அப்பளம் ஆகிவிடும்.

கடா பிரசாத் என்று கையில் கொடுப்பார்கள், இரண்டு கையையும் சேர்த்து ஏந்தணும். மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு, தண்ணீர் மூன்று பங்கு. மாவை நெய்யில் செம்மண் நிறம் வருகிற வரை வறுக்கணும், சர்க்கரைத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க விழணும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். கேசரி கிண்டுகிற கை என்றால் பழகிவிடும். நெய்யைக் குறைத்தால் அடியில் பிடித்துச் சட்டியோடு போகும்.

கும்மோணத்தாரே, கொட்டகைத் தரையைச் சாய்வாகப் பூசி, சாக்கடைக்கு முன்னால் மூன்றடிக்கு இரண்டடி எண்ணெய்த் தொட்டி ஒன்று கட்டிவிடுங்கள். நெய் கலந்த கழுவு தண்ணீர் நேராகப் பாதாளச் சாக்கடையில் இறங்கினால் மூன்றே மாதத்தில் குழாய் அடைத்து, தெருவே உங்கள் வாசலில் நிற்கும். தொட்டியை வாரம் ஒரு முறை வழிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று பத்திரத்தில் போடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் அவர்கள் பெயரிலேயே.

கும்மோணத்தான்:

குறித்துக்கொண்டேன். முதலில் பொறியாளர், அவர் சான்று கொடுத்தால் சங்கப் பதிவும் கலெக்டர் மனுவும் அவர்கள் வேலை, இரும்புப் படியும் எண்ணெய்த் தொட்டியும் என் வேலை. கிரந்தி தங்குகிற அறையைப் பற்றி இன்று மாலை பேசப் போகிறேன். தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கம் தள்ளச் சொல்லிவிட்டேன், மொட்டை மாடியில் வேலியும் போடப்போகிறோம். மாமாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "கிளப்பலாம்னா சரி" என்றார். அத்தைக்குத்தான் வருத்தம், இந்தப் பங்குனிக்கு வடகம் எங்கே பிழிவது என்று.

உத்திரம்:

வேலிக்கு வெளியே தாராளமாகப் பிழியலாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். பால்கி எந்த மூலை என்று முடிவானதும் வரைபடத்தை இங்கே போடுங்கள், தூண் எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.